வார இறுதியில் அல்மாத்தி: நண்பரோடு சிக்கனமாகப் போய்வர

துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை, கையில் இரண்டு மூன்று நாள் விடுமுறை, செலவுக்கு அளவான பணம், கூடக் கிளம்ப ஒரு நண்பர். இந்த நிலையில் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் கஜகஸ்தானின் அல்மாத்தி. தாஷ்கண்ட்டும் நல்ல ஊர்தான், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே 20 டாலர் கட்டி இ-விசா எடுக்க வேண்டும். பிஷ்கேக்கிற்கும் இ-விசா வேண்டும். அல்மாத்திக்கு அந்த வேலையே இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த ஊரில் சாதாரண நகரப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் அது உங்களை 1,691 மீட்டர் உயரத்தில், பனிமலைகளுக்கு நடுவே கொண்டுபோய் இறக்கிவிடும். தனிக் கார், கைடு, டூர் பேக்கேஜ் என்று எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பிடிவாதத்தில்தான் எழுதுகிறேன்: வார இறுதியில் போனால் நகரமும் அதற்கு நேர் மேலே இருக்கும் மலையும் போதும். கோல்சாய் ஏரி, கைண்டி ஏரி, சாரின் பள்ளத்தாக்கு என்று படங்களில் பார்த்ததையெல்லாம் இரண்டு நாளில் திணித்தால் பாதி நேரம் வேன் சீட்டில் போய்விடும், பணமும் அங்கேதான் கரையும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டிக்கெட் போடும் முன்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2022 ஜூலையிலிருந்து 14 நாள் வரை விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 42 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது கூடுதல் விதி, வார இறுதிக்காரர்களுக்கு அது இடிக்காது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் இருக்கட்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் புக்கிங் இரண்டையும் தாளில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இமிக்ரேஷன் கவுண்டரில் கேட்டால் போனில் சார்ஜ் இல்லை, வைஃபை இல்லை என்று தடுமாற வேண்டாம். இந்தச் சலுகை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கானது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பரோடு கிளம்புவதானால் அவருக்கான விதியைத் தனியாகப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா, துபாயிலிருந்து ஃப்ளைதுபாய், இரண்டுமே நேரடியாகப் போகின்றன. பறக்கும் நேரம் நான்கு மணிக்குச் சற்று மேல். ஷார்ஜா அரசு வேலையில் இருப்பவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்பதால் வியாழன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் கச்சிதம். துபாய்க்காரர்கள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஓடலாம், அல்லது திங்கள் ஒரு நாள் லீவு போடலாம். ஈத் விடுமுறையில் போகவே போகாதீர்கள். அந்த வாரத்தில் அமீரகத்தில் பாதிப் பேர் அல்மாத்திக்குத்தான் டிக்கெட் பார்க்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்கு விலை ஏறும். சாதாரண வாரத்துக்கு முன்கூட்டியே, கைப்பை மட்டும் என்று எடுத்தால் கணிசமாகக் குறையும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. டெல்லி வழியாகவோ ஷார்ஜா வழியாகவோ மாறித்தான் போக வேண்டும். அதற்கு இரண்டு நாள் போதாது, முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? பனி வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே போகும், தவிர நிலக்கரிப் புகை சேர்ந்து காற்றில்லாத நாட்களில் நகரத்தின் மேல் சாம்பல் போர்வை படுத்திருக்கும், கீழே நின்றால் மலை இருப்பதே தெரியாது. நடந்து சுற்றும் ஆசாமிகளுக்கு ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி சரியான காலம். ஜூலையில் நகரத்துக்குள் முப்பதைத் தாண்டும், ஆனால் வளைகுடா வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மலைக்கு மேலே போனால் ஜெர்கின் கேட்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நிறைய எழுதப் போவதில்லை. வட்டமான இரண்டு பின் உள்ள ஐரோப்பிய பிளக்தான் அங்கே. அமீரகத்து மூன்று பின் சார்ஜர் பொருந்தாது, ஆகவே அடாப்டர். ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பின் சார்ஜர் இருந்தால் அதுவே போதும். குளிர்காலத்தில் கனமான ஜெர்கினைப் பையில் திணிக்காமல் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், எடை மிச்சம். காலணிதான் முக்கியம். அடிப்பகுதி தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூவோடு உறைந்த நடைபாதையில் இறங்கினால் முதல் பத்து நிமிடத்திலேயே விழுவீர்கள். பனிக்கான பேண்ட், கையுறை, பூட்ஸ் இதையெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம், மலையில் வாடகைக்குக் கிடைக்கும்.

போனில் யாண்டெக்ஸ் கோ, 2ஜிஐஎஸ் இரண்டையும் கிளம்பும் முன்பே இறக்கிவிடுங்கள். முன்னது டாக்சிக்கு. பின்னது வரைபடம், அல்மாத்தி நகரத்தை ஒருமுறை டவுன்லோட் செய்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் என்று காட்டும், கட்டடத்தின் எந்தப் பக்கம் வாசல் என்பது வரைக்கும் காட்டும். கூகுள் மேப்பை விட அங்கே இதுதான் செல்லும். கூடவே மொழிபெயர்ப்பு ஆப்பில் ரஷ்ய மொழியை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யன் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், ஆங்கிலம் இளைஞர்களிடம் மட்டும் எதிர்பார்க்கலாம்.

பணம்: இரண்டு பேர் என்றால் ஒரு கவர்

அங்கே நாணயம் டெங்கே. ஒரு திர்ஹத்துக்குச் சுமார் 140 டெங்கே, ஒரு ரூபாய்க்கு ஐந்தாறு டெங்கே என்று மனக்கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைய விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். டாலராக எடுத்துப் போவது நல்லது. விமான நிலையத்தில் டாக்சிக்கும் சிம்முக்கும் மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டு, மீதியை நகரத்துக்குள் சாலையோர எக்ஸ்சேஞ்ச் கடைகளில் மாற்றுங்கள். வாசலில் எரியும் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு எண் இருக்கும். நீங்கள் டாலரைக் கொடுக்கப் போகிறவர், ஆகவே உங்களுக்கானது அந்த இரண்டில் சின்ன எண். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு குறைவோ அந்தக் கடை அவ்வளவு நல்லது.

உள்ளூர்க்காரர்கள் பணத்தைக் கையில் தொடுவதே குறைவு. எல்லாம் காஸ்பி என்ற ஆப், க்யூஆர் ஸ்கேன். சந்தையில் கீரை விற்கும் பாட்டிகூட அட்டையில் ஒட்டிய க்யூஆரைத்தான் முதலில் காட்டுவார். உள்ளூர்க் கணக்கு இல்லாத நமக்கு அது உதவாது. கடைகளிலும் உணவகங்களிலும் விசா, மாஸ்டர் கார்டு ஓடும். சந்தை, பேருந்து, சின்ன சம்சா கடை இதற்கெல்லாம் நோட்டு வேண்டும், அதுவும் 500, 1,000, 2,000 என்று சில்லறையாக வேண்டும். 20,000 டெங்கே நோட்டை நீட்டினால் சம்சா விற்பவர் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு.

நண்பரோடு போகும்போது பணத்தகராறு வருவது பெரிய செலவில் இல்லை, இருநூறு டெங்கே பேருந்திலும் தண்ணீர் பாட்டிலிலும்தான். இதற்கு நான் பழகியிருக்கும் முறை: போய் இறங்கியதும் ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு கவர். டாக்சி, பேருந்து, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அந்தக் கவரிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவது. கேபிள் கார் டிக்கெட், ஷாப்பிங், பீர் இதெல்லாம் அவரவர் காசு. ஒருவர் குடிப்பவர், ஒருவர் குடிக்காதவர் என்றால் இந்தக் கடைசி வரி நட்பையே காப்பாற்றும்.

விமானச் செலவு போக, மூன்று நாளுக்கு ஆளுக்கு ஐம்பதிலிருந்து அறுபதாயிரம் டெங்கே இருந்தால் கஷ்டப்படாமல் சுற்றலாம். நானூறு திர்ஹம் பக்கம் வரும். தங்குவது இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, சாப்பாடு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மீதி மலைக்கும் டாக்சிக்கும்.

எங்கே தங்குவது

ஹாஸ்டலில் ஒரு படுக்கை நான்கிலிருந்து ஆறாயிரம் டெங்கேக்குக் கிடைக்கும். ஆனால் இரண்டு பேர் என்றால் முதலில் நாள் வாடகை ஃபிளாட் பாருங்கள். இரண்டு ஹாஸ்டல் படுக்கைக்கு ஆகும் செலவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால் சமையலறை, வாஷிங் மெஷினோடு ஒரு அறை ஃபிளாட் அமைந்துவிடும், காலைச் சாப்பாட்டுச் செலவு அங்கேயே மிச்சமாகும். பன்ஃபிலோவ் பூங்கா, அபாய் மெட்ரோ, அல்மாலி மெட்ரோ இந்த மூன்றுக்கும் நடுவே எங்கே கிடைத்தாலும் எடுக்கலாம். ஊருக்கு வெளியே பாதி விலையில் கிடைக்கிறதே என்று போகாதீர்கள், அந்த மிச்சத்தை டாக்சி தின்றுவிடும்.

ஃபிளாட் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோவியத் காலத்து அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரே கட்டடத்துக்கு நான்கைந்து வாசல்கள் இருக்கும், அதுவும் சாலைப் பக்கம் இல்லாமல் உள்முற்றத்தைப் பார்த்து. ஒரு வாசலுக்குள் நுழைந்தால் அடுத்த வாசலின் வீடுகளுக்கு உள்ளேயே போக வழி கிடையாது. கட்டட எண் மட்டும் தெரிந்துகொண்டு அதிகாலை மூன்று மணிக்குப் பெட்டியோடு போய் நின்றால் அவ்வளவுதான். வாசல் எண், மாடி, கதவுக்கான கோட், சாவி எங்கே என்ற நான்கையும் விமானம் ஏறும் முன் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

இறங்கியதும்

கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், இந்தியாவிலிருந்து போனால் அரை மணி பின்னால். 2024 மார்ச் 1 முதல் கஜகஸ்தான் முழுக்க ஒரே நேரம். அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்புகளில் அல்மாத்தி நேரம் ஒரு மணி கூடுதலாக இருக்கும், அதை நம்பித் திரும்பும் விமானத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

வெளியே வந்தவுடன் "டாக்சி, டாக்சி" என்று சுற்றி வளைப்பார்கள். சிலர் பையையே வாங்கப் பார்ப்பார்கள். சிரித்துவிட்டு நடங்கள். சிம் கார்டு கடையில் பாஸ்போர்ட் காட்டி பீலைன், கேசெல் ஏதோ ஒன்று வாங்குங்கள், அல்லது வீட்டிலேயே இ-சிம் போட்டுக்கொண்டு வாருங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று இருந்தாலே ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்கலாம். அப்புறம் யாண்டெக்ஸில் டாக்சி. நகர மையத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் பக்கம். ஆப் காட்டும் விலைக்கும் வாசலில் நிற்பவர் கேட்கும் விலைக்கும் சில சமயம் மூன்று நான்கு மடங்கு இருக்கும். ஆப்பில் பணமாகக் கொடுக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் கார்டு ஏற்கவில்லை என்ற தொல்லை இருக்காது. பகலில் இறங்குபவர்கள் 92-ஆம் எண் பேருந்தையும் பார்க்கலாம், மையத்துக்குள்ளேயே வரும்.

பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஓனாய் என்ற அட்டை ஒன்று இருக்கிறது. அட்டை இல்லாமல் பேருந்து ஓட்டுநரிடம் நோட்டாகக் கொடுத்தால் கட்டணம் அதிகம். நாள் முழுக்கப் பேருந்தில் சுற்றுவதானால் அட்டை லாபம், ஒன்றிரண்டு முறைதான் என்றால் விட்டுவிடலாம்.

திசை தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். மலை தெற்கே. நகரம் முழுவதும் தெற்கிலிருந்து வடக்கே சரிகிறது. உள்ளூர்க்காரர்கள் தெற்கு வடக்கு என்று சொல்வதில்லை, மேலே போ, கீழே போ என்றுதான் வழி சொல்வார்கள். இதை வைத்தே நடைத் திட்டம் போடுங்கள்: மேலே போக பேருந்து, கீழே வர நடை. சாலை ஓரமெல்லாம் மலைத் தண்ணீர் ஓடும் திறந்த வாய்க்கால்கள் உண்டு, அரிக் என்பார்கள். பகலில் சலசலவென்று அழகாக இருக்கும். இரவில் போனைப் பார்த்துக்கொண்டே டாக்சியிலிருந்து இறங்கினால் நேராக அதற்குள் கால் போகும்.

முதல் நாள்: கீழ் நகரம்

காலையில் பச்சைச் சந்தையிலிருந்து தொடங்குங்கள். கஜக் மொழியில் கோக் பஜார். திங்கட்கிழமை மூடியிருக்கும், திங்கள் லீவு போட்டு வருபவர்கள் கவனிக்க. உள்ளே நுழைந்ததும் உலர்பழக் கடைக்காரர்கள் பாதாம், பாதாமி வற்றல் என்று கையில் திணிப்பார்கள், தின்று பார்ப்பதற்குக் காசில்லை, ஆனால் நான்கு கடையில் தின்றுவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும், முதல் கடையில் சுற்றுலாப் பயணிக்கான விலைதான் வரும். இறைச்சிப் பகுதியில் ஆடு, மாடு, குதிரை என்று தனித்தனி வரிசை. குதிரை இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்யும் கசி தொங்கிக்கொண்டிருக்கும்.

சைவர்கள் நேராக ஊறுகாய் வரிசைக்குப் போகலாம். அங்கே நிற்பவர்களில் பலர் கொரியர்கள். 1937-இல் ஸ்டாலின் ஆட்சி சோவியத்தின் தூரக் கிழக்கிலிருந்த கொரியர்களை மொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது, அவர்களின் வாரிசுகள் இவர்கள். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய நாப்பா முட்டைக்கோஸ் கிடைக்காத ஊரில் கேரட்டை வைத்தே சமாளித்தார்கள். கொத்தமல்லி விதை, பூண்டு, வினிகர், மிளகாய்த்தூள் போட்டு, மேலே சூடான எண்ணெய் ஊற்றிய அந்தக் கேரட் சாலட் இன்று முன்னாள் சோவியத் நாடுகள் எங்கும் போய்விட்டது. பிளாஸ்டிக் கையுறை போட்ட கையால் ஒரு சிட்டிகை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார்கள். ஆரஞ்சு நிற எண்ணெய் மணிக்கட்டு வரை வழியும், கொத்தமல்லி வாசம் நாக்குக்கு முன்னால் மூக்கில் ஏறும். 200 கிராம் கேரட், 200 கிராம் கத்தரிக்காய், சந்தை வாசலில் சுடச்சுட ஒரு தந்தூர் ரொட்டி. இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு முடிந்தது.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் பன்ஃபிலோவ் பூங்கா. நடுவே மஞ்சளும் வெள்ளையுமாக, பல வண்ணக் குவிமாடங்களோடு நிற்கும் தேவாலயம் முழுக்க மரத்தால் ஆனது. ஆந்திரேய் ஜென்கோவ் என்ற பொறியாளர் 1904-க்கும் 1907-க்கும் இடையே கட்டியது. 1911-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் நகரத்தின் கட்டடங்கள் நொறுங்கியபோது இது நின்றது. தியென் ஷான் மலையின் மரப்பலகைகளை இரும்பு இணைப்புகளோடு கோத்து, ஆடினாலும் உடையாதபடி செய்திருந்தார். உள்ளே போக டிக்கெட் இல்லை, தொப்பியைக் கழற்றிவிட்டு அமைதியாக நின்று பார்க்கலாம். பூங்காவின் மறுபக்கம் இரண்டாம் உலகப்போர் நினைவுச் சின்னமும் அணையா விளக்கும்.

அங்கிருந்து ஜிபெக் ஜோலி நடைவீதிக்கு வந்து மெட்ரோவில் இறங்குங்கள். 2011 டிசம்பரில் திறந்த ஒரே பாதை, 11 நிலையங்கள். வேறு எங்கும் போக வேண்டாம், பைக்கோனூர் நிலையம் வரை போய்த் திரும்பினால் போதும். ராக்கெட் ஏவுதளத்தின் பெயர் வைத்த நிலையம், பிளாட்பாரத்தின் கடைசியில் பெரிய திரையில் ராக்கெட் கிளம்பும் காட்சி ஓடும். இதைவிட மலிவான பொழுதுபோக்கு ஊரில் இல்லை.

மாலை வெளிச்சம் இருக்கும்போது கோக் தோபே குன்று. குடியரசு மாளிகை பக்கத்திலிருந்து கேபிள் கார் போகும். மேலே ராட்டினம், விளையாட்டுகள், பீட்டில்ஸ் இசைக்குழுவின் சிலைகள். மறுநாள் மலைக்குப் போவதாக இருந்தால் பட்ஜெட்காரர்கள் இதைத் தாராளமாக விட்டுவிடலாம் என்பது என் கட்சி. நண்பர் அடம் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் கேபிள் காரில் போய், இறங்கும்போது பேருந்தில் வாருங்கள்.

இரண்டாம் நாள்: மலை

இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள், ஆகவே சீக்கிரம் எழுந்திருங்கள். வார இறுதியில் பத்து மணிக்கு மேல் ஊரே மலைக்குக் கிளம்பும். தோஸ்தீக் சாலையில் உச்சியில் கிரீடம் வைத்த மாதிரி ஒரு உயரமான கட்டடம் தெரியும், அது கஜகஸ்தான் ஹோட்டல், 1977-இல் கட்டியது. அதன் எதிரே நிறுத்தத்தில் 12-ஆம் எண் பேருந்து. கடைசி நிறுத்தம் மெதெவ். வலது பக்க ஜன்னல், இடது பக்க ஜன்னல் என்று யோசிக்க வேண்டாம், சாலை வளைந்து வளைந்து ஏறும், இரண்டு பக்கமும் முறை வரும்.

மெதெவில் இருப்பது பத்தாயிரம் சதுர மீட்டருக்கும் பெரிய ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம். மெல்லிய காற்றும் மலைத் தண்ணீரில் உறைந்த கெட்டியான ஐஸும் சேர்ந்து சோவியத் காலத்தில் இங்கே இருநூறுக்கும் மேல் உலக சாதனைகள் நடந்தன. குளிர்காலத்தில் ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும். முன்பின் ஐஸில் நிற்காத இருவர் கைகோத்துக்கொண்டு போனால் இரண்டு பேரும் விழுவீர்கள், ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பழகுங்கள்.

இங்கிருந்து இரண்டு வழி. காசு கொடுக்கும் வழி, கொண்டோலா என்ற கேபிள் கார். நாலரை கிலோமீட்டர் கம்பியில் ஷிம்புலாக் பனிச்சறுக்கு மையம் வரை தூக்கிப் போகும், உயரம் 2,260 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி. அங்கிருந்து இன்னும் இரண்டு கட்டம் மாறினால் தல்கர் கணவாய், 3,200 மீட்டர். இந்தப் பயணத்தில் ஆளுக்கு ஆகும் மிகப் பெரிய ஒற்றைச் செலவு இந்த டிக்கெட்தான், ஆனாலும் வானம் தெளிவாக இருந்தால் யோசிக்காமல் கொடுங்கள். மேகம் மூடியிருந்தால் கொடுக்காதீர்கள், மேலே வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஷிம்புலாக்கின் நேரலைக் கேமராவைப் போனில் பார்த்துவிடுங்கள். கடைசி கட்டத்தில் காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அதையும் கவுண்டரில் கேளுங்கள். 3,200 மீட்டரில் காலையில்தான் கடல்மட்டத்திலிருந்து வந்த மாதிரி உடம்பு திணறும். ஓடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், தலை சுற்றினால் அடுத்த கேபினிலேயே இறங்குங்கள். குளிர்க் கண்ணாடி கட்டாயம், பனியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் பிளக்கும்.

காசு கொடுக்காத வழி, படிக்கட்டு. ஸ்கேட்டிங் மைதானத்துக்கு மேலே ஒரு பிரம்மாண்டமான அணை தெரியும், அதன் மேல் ஏற 842 படிகள். அணைக்குப் பின்னால் ஏரி இருக்கும் என்று எதிர்பார்த்து ஏறுபவர்கள் ஏமாறுவார்கள். இது தண்ணீரைத் தேக்க இல்லை. மலையிலிருந்து பாறையும் சேறுமாக உருண்டு வரும் வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காப்பாற்றக் கட்டியது. 1966-லும் 1967-லும் மலையை வெடிவைத்துத் தகர்த்து, விழுந்த பாறையையே அணையாக்கினார்கள். ஆறு வருடம் கழித்து, 1973 ஜூலையில் அப்படி ஒரு சேற்று வெள்ளம் வந்தது, அணை தடுத்தது. படியேறி மேலே நின்று ஒரு பக்கம் காலிப் பள்ளத்தையும் மறுபக்கம் கீழே அல்மாத்தியையும் பார்த்தால் அந்த வெடிகளின் மதிப்பு புரியும். அணையிலிருந்து ஷிம்புலாக்குக்குத் தார்ச்சாலையிலேயே நடந்தும் போகலாம், தனியார் கார்கள் அதிகம் இல்லாத ஏற்றம். நடக்கத் தெம்புள்ள நண்பர் என்றால் மேலே நடந்து, பேருந்து நிற்கும் மெதெவுக்கு மறுபடி நடந்தே இறங்கலாம், செலவு பூஜ்யம்.

மேலே உணவகங்களில் விலை இரட்டிப்பு. காலையிலேயே மேக்னம் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, சீஸ், ஆப்பிள், உள்ளூர் ராஹாத் சாக்லேட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

சாப்பாடு பற்றி இன்னும் கொஞ்சம்

அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. ஸ்தலோவாயா என்று எழுதியிருக்கும் கேன்டீன்களில் தட்டை நகர்த்திக்கொண்டே போய் வேண்டியதைக் காட்டி வாங்கலாம், மொழியே தேவையில்லை. புலாவ், லக்மான் நூடுல்ஸ், மந்தி கொழுக்கட்டை எல்லாமே ஒரு தட்டில் வயிறு நிறையும் அளவு, இரண்டு பேர் இரண்டு விதமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அகல நூடுல்ஸ் மேல் வேகவைத்த இறைச்சி வைத்துத் தரும் பெஷ்பர்மக் பெரும்பாலும் குதிரை இறைச்சியில் வரும். வேண்டாதவர்கள் 'கனீனா?' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

சுத்த சைவ நண்பரோடு போகிறவர்கள் 'பெஸ் மியாசா' என்ற இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ரஷ்ய மொழியில் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். ஆனால் அதைச் சொன்னாலும் சூப் எலும்பு வேகவைத்த நீரில்தான் இருக்கும், கோழி இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைக்கும் சமையல்காரர்களும் உண்டு. நம்பகமானவை பூசணி சம்சா, உருளைக்கிழங்கு அடைத்த பிரோஷ்கி பன், ஜார்ஜிய உணவகங்களில் சீஸ் வைத்துச் சுடும் கச்சாபூரி, கொரியன் சாலட்கள், அப்புறம் அய்ரான். அது நம் ஊர் மோர் மாதிரியேதான், உப்புப் போட்டது, கொஞ்சம் கெட்டி. மருத்துவம் படிக்க இந்தியாவிலிருந்து நிறையப் பிள்ளைகள் அல்மாத்தி வந்திருப்பதால் இந்திய மெஸ்களும் உணவகங்களும் உண்டு. தேநீர் கேட்டால் பால் சேர்த்தே தருவார்கள், கஜக் வழக்கமே அதுதான்.

மூன்றாம் நாள், மதியம் வரை

நேரம் மிச்சம் இருந்தால் அரசான் குளியல் கூடத்துக்குப் போங்கள். 1980-களின் தொடக்கத்தில் கட்டிய சோவியத் மாளிகை, ரஷ்ய, ஃபின்னிஷ், துருக்கிய நீராவி அறைகள். இரண்டு மணி நேரக் கணக்கில் டிக்கெட். ஆண்கள் பெண்கள் தனித்தனி. ரஷ்யப் பகுதியில் உள்ளே யாரும் துணி உடுத்துவதில்லை, நண்பரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் போய்ச் சொன்னால் திரும்பி ஓடிவிடுவார். தலைக்கு கம்பளிக் குல்லா, முதுகில் அடித்துக்கொள்ள இலைக்கட்டு இரண்டும் அங்கேயே விற்பார்கள். முந்தைய நாள் 842 படி ஏறிய கால்களுக்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

சாரின் பள்ளத்தாக்கு பற்றிச் சொல்கிறேன் என்றேன். நகரத்திலிருந்து 200 கிலோமீட்டர், போக மூன்று மணிக்கு மேல், வர அதே அளவு. குழுவாகப் போகும் பேருந்தில் ஆளுக்குப் பத்தாயிரம் டெங்கேக்கு மேல். ஷிம்புலாக்கை விட்டுவிட்டு அதற்குப் போவதானால் போகலாம், இரண்டும் ஒரே வார இறுதியில் வேண்டாம். கோல்சாயும் கைண்டியும் அதைவிட நூறு கிலோமீட்டர் பக்கம் தள்ளி, அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டும். பெரிய அல்மாத்தி ஏரிக்கு இப்போது கட்டுப்பாடுகள் உண்டு, கரை வரை விடுவதில்லை, பாதி வழியில் திருப்பி அனுப்பிய டாக்சிக்கும் காசு கொடுக்க வேண்டி வரும். நான்கு மணி நேரத்தில் பிஷ்கேக் என்று யாராவது ஆசை காட்டினால், அங்கே விசா வேண்டும் என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

திரும்பும்போது

ஞாயிறு மாலை விமான நிலையச் சாலையில் நெரிசல் அதிகம். டாக்சிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வையுங்கள். மிச்சமிருக்கும் டெங்கேயை வெளியே எங்கும் நல்ல விலைக்கு மாற்ற முடியாது, ஆகவே கவரில் இருப்பதை மேக்னத்திலேயே சாக்லேட்டாகவும் உலர்பழமாகவும் மாற்றிப் பிரித்துக்கொள்ளுங்கள். பச்சைச் சந்தையின் மலைத்தேன் அருமையாக இருக்கும், ஆனால் கைப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் தொடவே வேண்டாம். தேனும் திரவக் கணக்கில்தான் வரும், 100 மில்லிக்கு மேல் பாட்டில் என்றால் ஸ்கேனரிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.